தானமாக வந்த மாட்டின் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். எனக்கு அது கட்டுப்படியாகாது. நாற்பது வருடமாகப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வயிறு வளர்த்திருக்கிறேன். மாட்டுப் பல் இல்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண் வெட்டும் இயந்திரத்தின் பல்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டைவிட உயரமான ஒரு சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு வாளியும் மண்சுவரைச் சுரண்டி, அள்ளி, கன்வேயர் பெல்ட்டில் கொட்டும். ஒரு வாளி எத்தனை லிட்டர் கொள்ளுமோ அதுதான் இயந்திரத்தின் பெயர். 350, 700, 1400 என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டால் பால்காரரிடம் கணக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாளியின் உதட்டில்தான் பற்கள் இருக்கும். கடிப்பது பல், அள்ளுவதுதான் வாளி.

இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அவர்கள் ஊரில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது பெரும்பாலும் இளகிய மண். எங்கள் ஊரில் கிடப்பது மணற்கல். புவியியல் புத்தகங்களே அதற்குக் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்திருக்கின்றன. உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஜெர்மன் பற்கள் மொக்கையாகி, உடைந்து, வாளியோடு வாளியாக ராவிப் போயின. பல்லுக்கு வேறு உலோகம் தேடினார்கள். வெட்டுவதற்கு முன்பே வெடி வைத்து மண்ணை இளக்கினார்கள். "ஜெர்மன்காரன் பல்ல உடைச்சது நம்ம தென்னார்க்காட்டு மண்ணுடா" என்று என் அப்பா ஏதோ சொந்த வீரம் போலச் சொல்வார். அவர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவு. அந்தப் பல்வலியால் சோறு தின்றவை மந்தாரக்குப்பம், வடலூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைகள். அதில் ஒன்றில், ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, 1983-ல் போய் நின்றேன்.

அப்போது வரைவது என்றால் இப்படி. பட்டறை மாடியில் சாய்வுப் பலகை. அதில் மினி டிராஃப்டர் மாட்டியிருக்கும். கீழேயிருந்து ஒரு பையன் சாக்கில் சுற்றி ஒரு தேய்ந்த பல்லைக் கொண்டுவந்து மேசையில் போடுவான். மூலப் படம் கிடையாது. அது ஜெர்மனியில் யாருடைய அலமாரியிலோ இருக்கும். தேய்ந்து போன இந்தத் துண்டைப் பார்த்து, புதிதாக இருந்தபோது இது எப்படி இருந்திருக்கும் என்று வரைய வேண்டும். தாத்தாவைப் பார்த்து அவருடைய பெயர்சூட்டு விழாப் படத்தை வரைகிற மாதிரி.

எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேனை 'ஹெட் சார்' என்போம். வெற்றிலைச் சிவப்பு வாய், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பாதி பிளேடு. முதல் நாள் நான் வெர்னியரை எடுத்துப் பல்லின் முன் முகத்திலிருந்து அளக்கப் போனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது.

"எதுலேருந்து அளக்குற?"

"முகத்துலேருந்து சார்."

"முகம் தேஞ்சு போயிருக்குல்ல. எந்த முகத்த நம்புவ? முகம் தேயும்டா தம்பி. அச்சு தேயாது. முள்ளு போடுற ஓட்டையோட நடு எங்கேன்னு கண்டுபிடி. எல்லா அளவையும் அதுலேருந்து எடு."

முதலில் மையக்கோடு. சங்கிலிப் புள்ளிக் கோடாக, மெல்லிசாக. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். மையக்கோடு போடாத படத்தை அவர் பார்க்கவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்.

பென்சிலில் முடிந்ததும் மேலே டிரேசிங் தாள் விரித்து ரோட்ரிங் பேனாவால் மசிக்கோடு. தவறு செய்தால் அந்தப் பாதி பிளேடு. சுரண்டிவிட்டு மறுபடி இழுக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு முறை சுரண்டலாம், மூன்றாவது முறை தாள் ஓட்டையாகும். ஆக ஒருவனுக்கு வாழ்நாளில் ஒரு கோட்டுக்கு மூன்று வாய்ப்பு. கோடு போடுவதற்கு முன் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்பது இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முதலாளி மாடிக்கு வந்து பார்த்தால் நான்கு பேர் பலகையை வெறித்துக்கொண்டிருப்போம். "என்னய்யா, சாமி கும்பிடுறீங்களா?" என்பார்.

பிரதி எடுப்பது அம்மோனியாவில். பிரிண்ட் அறையை விட்டு வெளியே வருகிறவன் கண்ணில் தாரை தாரையாக நீர். புதிதாக வந்தவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து விசாரிப்பார்கள். மூக்கடைப்புக்கு அதைப் போல மருந்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1998-ல் கம்ப்யூட்டர் வந்தது. பதினைந்து வருடம் நாங்கள் கேட்டும் வராத ஏ.சி., அது வருவதற்கு ஒரு வாரம் முன்பே வந்து காத்திருந்தது. சந்தனப் பொட்டு, ஊதுபத்தி, வெளியே செருப்பு. வரையும் மென்பொருளைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து முதலாளியின் மச்சான் ஒரு சி.டி.யில் வாங்கி வந்தார். உலகமே அறிந்த பெயர் அதற்கு. அந்தக் காலத்து மனைவி புருஷன் பெயரைச் சொல்லாதது போல நான் இங்கே அதைச் சொல்லப் போவதில்லை. நாங்கள் குடும்பம் நடத்திய விதம் அப்படி. சி.டி.யின் விலை எங்கள் நான்கு பேர் மதியச் சாப்பாட்டை விடக் குறைவு. இலவசத்தைச் சந்தேகித்துப் பின்னால் நான் பேசப் போகும் பேச்சையெல்லாம் படிக்கும்போது இந்தச் சாப்பாட்டுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் பிளேடு இல்லை. பின்வாங்கும் பொத்தான் இருந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் சுட்டி பக்கத்து விளிம்பில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. மையக்கோடு போடாமலே படம் முடிந்தது. வாடிக்கையாளர் பார்த்து ஏதாவது சொல்வாரோ என்று கடைசியில் அழகுக்கு ஒன்று இழுத்துவிட்டோம், கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழி போல. ஹெட் சார் இரண்டு நாள் பின்னால் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் வரவில்லை. அவருக்கு வயதும் ஆகியிருந்தது.

இடையில் பல வருடம் சொல்லும்படியாக எதுவும் இல்லை. வேகமாக வரைந்தோம், நிறைய வரைந்தோம்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியது. பெயருக்கேற்ப எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு மல்லாந்தன. தென்மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற ஊரின் வாசலில் உட்கார்ந்து நாங்கள் நாள்கணக்கில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டோம். பட்டறை மாடியின் தகரம் பறந்துபோய் யாருடைய கொல்லையிலோ கிடந்தது. கம்ப்யூட்டருக்குள் மழை. அலமாரிக்குள்ளும் மழை.

அலமாரியில் இருந்தவை 1983-லிருந்து 1998 வரை போட்ட டிரேசிங்குகள். தாளில் போட்டவற்றில் பாதி கூழாகிவிட்டது. ஹெட் சார் பிடிவாதமாகப் பாலியஸ்டர் ஃபிலிமில் போடச் சொன்னவை மட்டும் நனைந்த வாழையிலை போல ஒட்டிக்கொண்டு கிடந்தன. வீட்டுக்கு எடுத்து வந்து துடைத்துத் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். சேலை, லுங்கி, 700 லிட்டர் வாளியின் பல், பாவாடை, 1400-ன் பல் என்று வரிசையாகக் காய்ந்தன. என் மனைவி உள்ளேயிருந்து கத்தினாள்: "உங்க பல்லுக்கெல்லாம் கிளிப் போட்டாச்சு!"

ஹார்ட் டிஸ்க்கை யாரோ சொன்னார்கள் என்று அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தோம். மூன்று நாளில் அரிசி தீர்ந்தது. டிஸ்க் எழவில்லை. சி.டி.யில் நகல் இருந்தது, வாஸ்தவம். அதைத் திறக்கும் மென்பொருளின் சி.டி.யில் பூஞ்சை பூத்து, வட்டமாக, மேலே பார்த்தால் வானவில் ஓடியது. பதிமூன்று வருட உழைப்பு கையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, விட்டதில் முக்கால்வாசியைத் துணிக்கொடியில் காய்ந்ததைப் பார்த்து மறுபடி வரைந்தோம். மறுபடியும் அதே குடும்பம், வேறு சி.டி. பிறகு ஒருநாள், உரிமம் வாங்கியிருக்கிறீர்களா என்று மரியாதையாக விசாரித்து ஒரு கடிதம் வந்தது. முதலாளி கடிதத்தை என்னிடம் நீட்டியபோது அவர் கை ஆடியது. விலை விசாரித்தோம். ஒரு தடவை பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் வழக்கம் முடிந்துகொண்டிருந்தது. இத்தொழிலின் பெரிய வீடான ஆட்டோடெஸ்க், புதிய நிரந்தர உரிமம் விற்பதை 2016-ல் நிறுத்திவிட்டது. இனி எல்லாம் வருடச் சந்தா. கட்டினால் திறக்கும்.

நெய்வேலியில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நாங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். அகலமான சாலை, வேப்ப நிழல், வீட்டைச் சுற்றி இடம், குழாயைத் திறந்தால் தண்ணீர், பெயருக்கு ஒரு வாடகை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் பொறாமையில் பெருமூச்சு விடுவார்கள். எங்கள் வீட்டுப் பின்புறம் அப்பா பண்ருட்டியிலிருந்து கொட்டை கொண்டுவந்து ஒரு பலா நட்டார். 1992-ல் அவர் ஓய்வு பெற்றபோது அது அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த விதிதான், யாரும் ஏமாற்றவில்லை. சாமான்களை லாரியில் ஏற்றினோம். அப்பா சாவியைக் கொடுத்தார். மரத்தை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் பின்கட்டில் கொஞ்ச நேரம் நின்றார். வடலூரில் மூன்று சென்ட் மனையில் கட்டிய வீடு மழையில் ஒழுகியது, தெருவில் சாக்கடை இல்லை, தண்ணீர் உவர்ப்பு. அங்கே போனதும் முதல் வேலையாக ஒரு பலாக்கொட்டையை ஊன்றினார்.

சந்தாப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நான் அந்தப் பின்கட்டில்தான் நின்றேன். பல்லை வரைந்தது நான். அந்தக் கோப்பு இருப்பது என் மேசையில். அதைத் திறக்கும் சாவிக்கு வருடா வருடம் வாடகை.

இந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் வந்தாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தாள். கையில் அரசாங்க இலவச லேப்டாப். 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய நம் நாட்டுச் சரக்கு. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பாதி, சீர் வரிசையில் வந்த வெள்ளிக் கும்பா போலத் தொடப்படாமலே கிடந்தது. அதற்கு முன்பே, 2007 வாக்கில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியதையும் நாங்கள் செய்தித்தாளில் படித்து, மடித்து, பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றியிருக்கிறோம். இவள் மட்டும் எப்படியோ அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். விழுப்புரத்தில் 2013 முதல் ஒரு குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறது. அங்கே போய் வந்த தோழி ஒருத்தி காட்டிக் கொடுத்தாளாம்.

"மாமா, ஃப்ரீகேட் போட்டுத் தரட்டுமா?"

"எவ்வளவு?"

"சும்மா மாமா."

"சும்மா எவன் குடுப்பான்?"

"ஜெர்மன்காரங்க ரெண்டு பேரு ஆரம்பிச்சது. ஜூர்கன் ரீகல், வெர்னர் மேயர். 2002-லேயே வெளிய விட்டுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லை விற்றதும் அவர்கள், இப்போது பல் வரையக் கருவி தானம் செய்வதும் அவர்கள். முதலாளி சிரிக்கவில்லை. "ஓசியில குடுத்தா பினாயிலக் கூடக் குடிப்பியாய்யா? உள்ள என்ன வச்சிருக்கானோ" என்றார். பூஞ்சை பிடித்த சி.டி.யை மச்சான் எங்கிருந்து வாங்கினார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பெண்தான் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, வடலூர்ல தருமசாலையில சாப்பிட்டிருக்கீங்கல்ல? ஏன் சும்மா போடுறாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லை. 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். போனால் இலை போடுவார்கள். சாப்பிட்டவர்களில் சிலர் அறுவடைக்குப் பிறகு ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து இறக்குவார்கள், சிலர் காய் நறுக்குவார்கள், மற்றவர்கள் கை கழுவிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். ஃப்ரீகேட்டும் ஏறக்குறைய அப்படித்தான் வேகிறதாம். அதன் அடியில் இருக்கும் வடிவக் கணித எந்திரமான ஓப்பன் காஸ்கேட் கூடப் பிரான்சில் ஒரு கம்பெனி எழுதி 1999-ல் திறந்துவிட்டது. யோசித்தால் நெய்வேலியே அப்படி வந்த ஊர்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்குத் துளை போட, கறுப்பாக ஏதோ மேலே வர, அதை விடாமல் அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டி, நிலத்தையும் கொடுத்தார். பின்னால் நிலம் கொடுத்தவர்களுக்கெல்லாம் அது தானமாக இருந்ததா என்பது வேறு கதை. அதை எழுத எனக்கு உரிமை போதாது, நான் நிழலில் வளர்ந்தவன்.

எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014-லேயே முடிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பட்டறைக் கம்ப்யூட்டரில் அவள் லினக்ஸைப் போட்டாள். ஃப்ரீகேட் அப்போது 0.16. இத்தகைய மென்பொருளுக்குத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்று பெயர் என்றாள். திறந்தோம். சதுரம் ஒன்று போட்டு, மேலே நாலு கோடு இழுத்தேன். ஓரத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. உன் படத்துக்கு இன்னும் 14 சுதந்திரம் பாக்கி இருக்கிறது என்பது அதன் சாரம். இந்தக் கோடு படுக்கை என்று கட்டு, அந்தக் கோடு இதற்குச் செங்குத்து என்று கட்டு, இந்தப் புள்ளி மையத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று கட்டு. ஒவ்வொரு கட்டாகப் போடப் போடச் சுதந்திரம் ஒவ்வொன்றாகக் குறையும். ஒன்றுகூட மிச்சமில்லை என்றானதும் படம் முழுவதும் பச்சையாகிவிடும். சுதந்திரம் எல்லாம் போனதும் பச்சைக்கொடி காட்டுகிற இதற்குக் கட்டற்றது என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் கட்டினாலும் கோபம். சொன்னதையே சொல்லாதே என்று நிறம் மாற்றிக் காட்டும்.

வெள்ளோட்டமாக 700-ன் பல்லை முப்பரிமாணத்தில் எழுப்பினேன். ஒரு கட்டை. அதன் முகத்தில் ஒரு படம் வரைந்து குடைந்தேன். குடைந்த இடத்தின் முகத்தில் முள் ஓட்டை. விளிம்புகளுக்கு வளைவு. சாயங்காலம் முடிந்துவிட்டது. முதலாளியைக் கூப்பிட்டுத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "கால் கொஞ்சம் நீளமா இருந்தா?" என்றார். இது என்ன பிரமாதம் என்று முதல் படிக்குப் போய்க் காலின் நீளத்தை மாற்றினேன்.

முள் ஓட்டை பல்லின் நுனிக்குப் போயிற்று. வளைவு வேறு விளிம்பில் போய் உட்கார்ந்தது. பக்கவாட்டில் இருந்த பட்டியல் முழுக்கச் சிவப்பு ஆச்சரியக்குறி. பிறகு மென்பொருளே மூடிக்கொண்டது. முதலாளி ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். இறங்கும்போது "பினாயில்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அக்கா மகள் ஃபோனில் விளக்கினாள். எங்கள் டவுன்ஷிப்பை வைத்துச் சொன்னால் இப்படி. பிளாக் நம்பர், வீட்டு நம்பர், பெயர் கிடையாது. ஒருநாள் இரவோடு இரவாக நடுவில் நாலு வீடு புதிதாகக் கட்டி, எல்லா வீட்டுக்கும் வரிசையாக மறுபடி நம்பர் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். மறுநாள் தபால்காரர் ஆறாம் நம்பருக்கு வந்த மணியார்டரை ஆறாம் நம்பரில்தான் கொடுப்பார். ஆள் வேறு. மென்பொருளும் அப்படித்தான், பொருளின் முகங்களுக்கு முகம் 1, முகம் 2 என்று வரிசையாக எண் வைத்திருந்தது. முன்படியில் ஏதாவது மாறினால் எண் மாறும். ஆறாம் முகத்தில் ஓட்டை போடு என்ற உத்தரவு வேறு முகத்துக்குப் போய்விடும். இதற்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு. பரிகாரம்?

"முகத்து மேல படம் வரையாதீங்க மாமா. நடுவுல இருக்கிற அச்சுத் தளத்த எடுத்துக்குங்க. எல்லாத்தையும் அதுலேருந்து கட்டுங்க. முகம் மாறும், அச்சு மாறாது."

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். புறங்கையில் வெற்றிலைக் கறை பட்ட விரலால் ஒரு தட்டு விழுந்த மாதிரி. காசு கொடுக்காமலே எனக்குப் பழகிப்போன அந்தப் பெயர் சொல்லா மென்பொருள், இருபது வருடம் என்னை எங்கே வேண்டுமானாலும் ஒட்டவிட்டுச் செல்லம் கொடுத்தது. இந்த ஓசி மென்பொருள் முதல் நாளே பிளேடைக் கையில் எடுத்துவிட்டது.

இரண்டு நாள் பலகையை வெறிப்பது போலத் திரையை வெறித்தேன். பிறகு முள் ஓட்டையின் நடுவை மூலப்புள்ளியில் வைத்து, அதன் வழியாக மூன்று தளம் நிறுத்தி, பல்லை அதைச் சுற்றி மறுபடி கட்டினேன். அளவுகளைக் கூடவே இருக்கும் விரிதாளில் எழுதி இணைத்தேன். கால் நீளம் என்ற கட்டத்தில் எண்ணை மாற்றினால் பல் பாம்பு போல நீண்டது, ஓட்டை அசையவில்லை. 350-க்கும் 1400-க்கும் தனித்தனியாக வரைய வேண்டியிராமல் ஒரே குடும்பமாகப் பற்கள் முளைத்தன. முதலாளி பார்த்தார். "ம்" என்றார். அவருடைய அகராதியில் அது பத்மஸ்ரீ.

பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த நாளைய பதிப்புகள் நினைத்தால் மூடிக்கொள்ளும். அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கிற பழக்கம் எனக்கு வந்தது பயபக்தியால். வாடிக்கையாளர்கள் டி.டபிள்யூ.ஜி. கோப்பாக அனுப்புவார்கள், அதைத் திறக்கத் தனியாக ஒரு மாற்றி வேண்டும். டி.எக்ஸ்.எஃப். என்றால் தொல்லை குறைவு. இருபரிமாணத்தில் அவசரமாக ஒரு தகடு வரைய வேண்டுமென்றால் இன்றும் நான் லிப்ரேகேடைத்தான் திறக்கிறேன்; பழைய டிராஃப்டர் கையில் இருப்பது போல இருக்கும். ஆயிரக்கணக்கான பாகம் உள்ள முழு இயந்திரத்தையும் ஃப்ரீகேடில் கோத்துக் கொடு என்றால் கும்பிடு போட்டுவிடுவேன். ஒரு பல், ஒரு முள், ஒரு புல்லி, ஒரு உருளைத் தாங்கி என்றால் தாராளமாக. எங்கள் மாதிரிப் பட்டறைக்கு வரும் வேலையும் அவ்வளவுதான்.

கற்றுக்கொள்ள ஆங்கிலத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. 2012 முதல் கணியம் என்ற மின்னிதழ் இந்த வகை மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. அதில் இரா. அசோகன் எளிய தமிழில் கணினி வரைவு பற்றி எழுதிய தொடரை அச்செடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன். பட்டறைப் பையன்கள் அதைத் தொடுவதில்லை. அவர்களுக்குப் பெயர் சொல்லா மென்பொருள்தான் வேண்டும். நேர்முகத்தேர்வில் அதைத்தான் கேட்பார்களாம். நியாயம்தான், நானும் 1998-ல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

எங்கள் ஊரில் 1957 மே மாதம் நேரு வந்து தொடங்கிவைத்த வெட்டு, 1961 ஆகஸ்டில்தான் கரியைக் காட்டியது. நாலு வருடம் வெறும் மண். அந்தக் கணக்கில் ஃப்ரீகேட் இன்னும் பொறுமைசாலி. 2002-ல் வெளிவந்தது, 1.0 என்று எண் போட்டுக்கொள்ள 2024 நவம்பர் வரை கூச்சப்பட்டது. அதற்குள் எங்கள் முதல் அனல்மின் நிலையமே, 1962-ல் ரஷ்யர்கள் கைகொடுக்க ஓடத் தொடங்கியது, 2020-ல் நின்றுவிட்டது.

அந்த 1.0 வந்த அன்றைக்கு அக்கா மகள் கூப்பிட்டாள். இப்போது வேறு மாநிலத்தில் வேலை.

"மாமா, ஒன்று வந்துடுச்சு! முகம் மாறுற பிரச்சினை தீர்ந்துடுச்சாம். ரியல்தண்டர்னு ஒருத்தர் பல வருஷமா தனியா உக்காந்து எழுதினது, உள்ள சேத்துட்டாங்க. இனிமே முகத்து மேலயே வரையலாம், பெரும்பாலும் உடையாது."

இறக்கிப் பார்த்தேன். வேண்டுமென்றே முகத்தின் மேல் ஓட்டை போட்டேன், அதன் முகத்தில் இன்னொன்று, விளிம்பில் வளைவு. முதல் படிக்குப் போய்க் காலை நீட்டினேன். சுருக்கினேன். மறுபடி நீட்டினேன். ஒன்றும் ஓடவில்லை. ஒரு சிவப்புக் குறி கூட இல்லை. அதற்காக வருத்தப்படுவது முறையில்லை என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பையன், டிப்ளமோ, நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் போன வாரம்தான் ஒரு தேய்ந்த பல்லைச் சாக்கில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவன். நான் ஓட்டையையெல்லாம் அழித்துவிட்டு, மூலப்புள்ளிக்குப் போய், அச்சுத் தளத்தைப் பிடித்து, பழையபடி முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தேன்.

"ஏன் சார் அழிச்சீங்க? நல்லாத்தான நின்னுச்சு?"

"நிக்கும்" என்றேன். "நீ கீழ போயி அந்தப் பல்ல எடுத்துட்டு வா. வெர்னியரையும்."